கருவியைப் போற்றலும் மாற்றலும்

மின்கிதார் முதலிய மேலைக் கருவிகளை உள்ளவாறே போற்றுவதா, நமக்கேற்ப மாற்றுவதா என்பது இசை ஆர்வலரிடையே எழும் வினா. இதற்கு விடை காண நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’க்கு இசையமைக்கும் முன்னர்த் திரையிசைக் குழுக்களில் கிதார் வாசித்தவர். மேலை முறையில் பயின்ற அக்கருவியைப் பின்னர் நம் மண்ணின் மெட்டுகளோடு இணைத்தார். ஆங்கே புதுமை பெற்றது கருவியன்று. அது சேர்ந்த இசையே.

மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) வேறு வழி கண்டார். மேலை மாண்டலினின் எட்டுத் தந்திகள் நான்கு இணைகளாக அமைந்தவை. இணைத் தந்திகளில் கமகம் தெளிவுறாது. ஆதலின் மின்மாண்டலினில் ஐந்து ஒற்றைத் தந்திகளை அமைத்துக்கொண்டார். கிதார் பிரசன்னாவோ வழக்கமான கிதாரிலேயே தந்தியை வளைத்தும் வழுக்கியும் கருநாடக இசையின் கமகங்களை எழுப்புகிறார்.

ஆகவே, மாற்றத்தை வேண்டுவது இசையாக இருத்தல் வேண்டும். வாங்கியவரின் ஆசையாக அன்று. கருவியின் ஆற்றல் முழுவதையும் அறிந்த பின்னரே அதன் குறை புலப்படும். அப்போதும், கழற்றிய காந்தச்சுருளை மீண்டும் பொருத்தலாம்; குடைந்த மரத்தை மீட்க இயலாது என்பதை நாம் மறத்தலாகாது.