குறை பொறுக்காத மேலாளர்: இணைந்து உழைப்பதன் உளவியல்

மிக உயர்ந்த தரத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து சிறிது விலகினாலும் பொறுக்க முடியாத மனப்போக்கை உளவியலில் முழுமைநாட்டம் எனலாம். அலுவலகப் பேச்சில் இத்தகையவர் ‘பெர்ஃபெக்‌ஷனிஸ்ட்’. அறிக்கையின் எழுத்தளவு, அட்டவணையின் ஓரக்கோடு, மின்னஞ்சலில் ஒரு சொல் என எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பாது. இந்தக் குணம் மேலாளரிடம் இருந்தால், அவருக்குக் கீழே வேலை செய்யும் ஒவ்வொருவரின் நேரத்தையும் மனநிலையையும் அது பாதிக்கும்.

கனடாவைச் சேர்ந்த உளவியலாளர்கள் பால் ஹெவிட், கோர்டன் ஃப்ளெட் இருவரும் 1991-இல் முழுமைநாட்டத்தை மூன்றாக வகுத்தார்கள். தன்னிடமே குறையின்மையை எதிர்பார்ப்பது முதல் வகை. பிறரிடம் எதிர்பார்ப்பது இரண்டாவது. பிறர் தன்னிடம் அதை எதிர்பார்ப்பதாக எண்ணி அழுத்தத்துக்கு உள்ளாவது மூன்றாவது. ஒருவரிடமே மூன்றும் கலந்திருக்கலாம். ஊழியர்களுக்கு நேரடியாக உறைப்பது இரண்டாவது வகைதான். ஆனால் மேலாளரின் கெடுபிடிக்குப் பின்னால், தமக்கு மேலே இருப்பவர் என்ன சொல்வாரோ என்ற பயமும் இருக்கக்கூடும்.

பணியிட ஆய்வுகள் இன்னொரு பிரிவையும் காட்டுகின்றன. சிலர் சிறப்பை எட்ட விரும்பி உழைக்கிறார்கள். சிலர் தவறு நேர்ந்துவிடக் கூடாதே என்ற அச்சத்தால் உழைக்கிறார்கள். டானா ஹராரியும் சக ஆய்வாளர்களும் 2018-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 95 ஆய்வுகளை, ஏறத்தாழ 25,000 பேரின் தரவுகளை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. முழுமைநாட்டம் உள்ளவர்கள் அதிக ஊக்கத்தோடும் அதிக நேரமும் வேலை செய்தார்கள். கூடவே மன உளைச்சலும் களைப்பும் பதற்றமும் அவர்களிடம் கூடுதலாகக் காணப்பட்டன. இந்தக் கேடுகள் அச்சத்தால் இயங்குவோரிடமே வலுவாகத் தெரிந்தன. வேலையின் தரமோ மற்றவர்களுடையதைவிடக் குறிப்பிடத்தக்க அளவில் உயர்ந்திருக்கவில்லை. ஆகவே மேலாளரின் உயர்ந்த தரத்தை மதித்து ஏற்பதும், அவருடைய அச்சத்துக்கு வேலை வைக்காமல் பார்த்துக்கொள்வதும் வெவ்வேறு பணிகள். இரண்டும் சேர்ந்தால்தான் கூட்டு உழைப்பு நடக்கும்.

தொடக்கத்திலேயே தெளிவு பெறுவது முதல் படி. ‘நன்றாக இருக்க வேண்டும்’ என்ற கட்டளைக்கு எல்லை கிடையாது. வேலை எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும், எதில் துளியும் பிசகக் கூடாது, எதில் ஓரளவு விட்டுக்கொடுக்கலாம் என்று முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது. விமானத்துறை இதைப் பட்டறிவால் கற்றது. 1935 அக்டோபரில் அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் மாடல் 299 விமானம் புறப்பட்டவுடனே விழுந்தது. விமானத்தின் போக்கை மாற்றும் இயக்குதளங்களை அசையாமல் பிடித்திருந்த பூட்டை விடுவிக்க மறந்ததே காரணம். அதன்பின் விமானிகளுக்கான சரிபார்ப்புப் பட்டியல் வழக்கத்துக்கு வந்தது. தரம் ஒருவர் தலைக்குள் இல்லாமல் தாளில் இருந்தால், செய்பவரும் சரிபார்ப்பவரும் ஒன்றையே பார்க்கிறார்கள்.

அடுத்தது, வேலையைச் சீக்கிரம் காட்டுவது. திட்டுவார் என்று பயந்து கெடு நாள்வரை ஒளித்து வைத்தால், மேலாளரின் சந்தேகம் வளரும், திருத்தமும் பெரிதாகும். கால்வாசி முடிந்த நிலையில், ‘இது வரைவு, அமைப்பு சரிதானா என்று மட்டும் பாருங்கள்’ என்று கேட்டால் கருத்து அந்த எல்லைக்குள் நிற்கும். ஜான் கபாரோ, ஜான் காட்டர் இருவரும் 1980-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் எழுதிய கட்டுரை, மேலாளரின் போக்கை அறிந்து செயல்படச் சொல்கிறது. படித்து உள்வாங்குபவருக்குக் குறிப்பை முன்பே எழுத்தில் அனுப்ப வேண்டும்; கேட்டு உள்வாங்குபவருக்கு முதலில் நேரில் சொல்லிவிட்டுப் பிறகு எழுதித் தர வேண்டும்.

ரசனை சார்ந்த திருத்தங்கள் முடிவில்லாமல் நீளும்போது, தேர்வை மேலாளர் கையிலேயே கொடுக்கலாம். 1984-இல் வெளிவந்த ஆப்பிள் மெக்கின்டாஷ் கணினிக்காக கிறிஸ் எஸ்பினோசா ஒரு கால்குலேட்டர் நிரலை வடிவமைத்தார். காட்டும்போதெல்லாம் அந்தக் கணினித் திட்டத்தின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் புதிய குறை கண்டார்: பின்னணி அடர்த்தி, கோட்டின் தடிமன், பொத்தானின் அளவு. கடைசியில் எஸ்பினோசா இவை அனைத்தையும் மாற்றிக்கொள்ள வசதியுள்ள ஒரு நிரலை எழுதித் தந்தார். ஜாப்ஸ் சில நிமிடங்களில் தமக்குப் பிடித்த வடிவத்தை அமைத்தார். பல ஆண்டுகள் மெக்கின்டாஷில் அந்த வடிவமே இருந்தது.

கருத்து வேறுபாட்டைச் சிறிய சோதனையால் தீர்ப்பது இன்னொரு வழி. அதே கணினியின் உள்ளே இருந்த சுற்றுப்பலகை அழகாக இல்லை என்று ஜாப்ஸ் சொன்னார். அழகைவிட மின்சாரச் செயல்பாடே முக்கியம் என்பது பொறியாளர்களின் வாதம். புதிய அமைப்பில் சில பலகைகளைச் செய்து பார்ப்பது, ஓடாவிட்டால் பழையதற்கே திரும்புவது என்று உடன்பாடு ஏற்பட்டது. புதிய பலகை சரியாக இயங்கவில்லை. பழைய அமைப்பே நிலைத்தது. வாக்குவாதத்தால் முடியாததை ஒரு சோதனை முடித்தது.

தவறு நேர்ந்தால் அதை முதலில் சொல்பவர் அதைச் செய்தவராகவே இருக்க வேண்டும். ஏமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட மருத்துவமனை ஆய்வில், நல்ல தலைமையும் ஒற்றுமையும் உள்ள செவிலியர் பிரிவுகளில் மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. அங்கே தவறுகளை அச்சமின்றிப் பேச முடிந்ததே அதற்கு அவர் கண்ட விளக்கம். மறைக்கப்படும் தவறு திருத்தப்படுவதில்லை. என்ன நடந்தது, இப்போது என்ன செய்யப்படுகிறது, மறுபடி வராமல் இருக்க என்ன ஏற்பாடு என்று மூன்றையும் சேர்த்துச் சொன்னால், குறை பொறுக்காத மேலாளரும் தீர்வின் பக்கம் திரும்ப வழி பிறக்கும்.

நேரத்தின் விலையையும் அவருக்குக் காட்ட வேண்டும். ‘இந்தத் திருத்தத்துக்கு இரண்டு நாள் ஆகும், அப்படியானால் அந்த அறிக்கை திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போகும், எதை முதலில் முடிக்கட்டும், சார்?’ என்ற கேள்வியில் மறுப்பு இல்லை. முன்னுரிமையைத் தீர்மானிக்கும் பொறுப்பு உரியவரிடம் போய்ச் சேர்கிறது.

இந்த வழிகளுக்கு எல்லை உண்டு. பலர் முன்னால் இழிவுபடுத்துவது, கத்துவது, நள்ளிரவிலும் வேலை வாங்குவது ஆகியவற்றைத் தரத்தின் பெயரால் நியாயப்படுத்த முடியாது. அவற்றைத் தேதியோடு குறித்து வைத்து மனிதவளத் துறையிடம் முறையிடுவதும், தூக்கமும் உடல்நலமும் கெட்டால் மருத்துவ உதவி நாடுவதும், தேவைப்பட்டால் வேறு வேலை தேடுவதும் சரியான முடிவுகளே. மேலாளர் அந்த எல்லைக்குள் இருந்தால், வேலையின் தரத்தை அவர் காக்கட்டும். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்ற தகவலை ஊழியர் உடனுக்குடன் தரட்டும். தகவல் தவறாமல் வந்து சேரும் இடத்தில் சந்தேகத்துக்கு வேலை குறையும்.