மூழ்கினாலும் முளைத்தெழும் நெல்: பின்னால் நின்றவர்கள் யார்?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கல்குணம், பூதம்பாடி போன்ற தாழ்வான ஊர்களின் விவசாயிகளுக்குப் பரவனாற்றின் மேல்தான் கண் இருக்கும். ஆறு கரைபுரண்டால், நட்டு ஒரு மாதமே ஆன சம்பா பயிர் மூழ்கிவிடும். 2015 நவம்பர் வெள்ளத்தை இங்கே யாரும் மறக்கவில்லை.

அதனால்தான் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது: "சி.ஆர்.1009 சப்-1 தண்ணீரைத் தாங்கும் என்கிறார்களே, அது நம் பழைய சி.ஆர்.1009 தானா? நம்பி விதைக்கலாமா?"

அதே நெல்தான். கூடுதலாக ஒரு குணம் மட்டும் சேர்ந்திருக்கிறது. அந்தக் குணம் நம் வயலுக்கு வந்த கதையைத் தெரிந்துகொண்டால், எதுவரை நம்பலாம் என்பதும் விளங்கும்.

பஞ்சத்தில் பிறந்த நிறுவனம்

1942-ல் வங்காளத்தைப் புயல் தாக்கியது. நெல்லில் செம்புள்ளி நோயும் பரவியது. போர்க்கால உணவுக் கொள்கையும் சேர்ந்துகொள்ள, 1943-ல் பெரும் பஞ்சம் வந்து பல லட்சம் பேர் மடிந்தார்கள். அதன் பிறகு 1946-ல் ஒடிசாவின் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. அதன் முதல் இயக்குநர் கே.ராமையா, கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி செய்த தமிழர். சி.ஆர்.1009-ல் உள்ள 'சி.ஆர்.' என்பது 'கட்டாக் ரைஸ்'. நாம் பொன்மணி, சாவித்திரி என்று சொல்லும் நெல் அங்கிருந்து வந்ததுதான்.

வெள்ளம் தாங்கும் குணத்தைக் காத்தவர்களோ ஒடிசா விவசாயிகள். தல்புட்டியா என்ற அவர்களுடைய நாட்டு நெல்லில் இருந்து தேர்வு செய்யப்பட்டதுதான் எஃப்.ஆர்.13ஏ. வெள்ளத்தைத் தாங்கினாலும் மகசூல் குறைவு என்பதால் அது பரவவில்லை. பிலிப்பைன்ஸில் உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பயன்படுத்தியது. டேவிட் மெக்கில், கெனாங் சூ, பமீலா ரொனால்ட் ஆகியோரின் குழு, இந்தக் குணத்துக்குக் காரணமான 'சப்-1ஏ' மரபணுவை 2006-ல் உலகுக்கு அறிவித்தது. பிறகு ஸ்வர்ணா, சி.ஆர்.1009 போன்ற மக்கள் விரும்பும் ரகங்களில் அதைச் சேர்த்தார்கள். இது ஒட்டுக் கலப்பில் வந்த ரகம். மரபணு மாற்றுப் பயிர் அல்ல.

எப்படித் தாங்குகிறது?

சாதாரண நெல் மூழ்கினால், மூச்சு வாங்கத் தலையை வெளியே நீட்டப் பார்க்கும். சேர்த்து வைத்த மாவுச்சத்தை எல்லாம் வளர்ச்சிக்கே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாயும். சப்-1 ரகம் வளர்ச்சியை நிறுத்தி, இருப்பைச் சேமித்து அடங்கியிருக்கும். முழுதாக மூழ்கினாலும் ஏறத்தாழ இரண்டு வாரம் தாங்கி, தண்ணீர் வடிந்ததும் புதிதாகத் துளிர்க்கும்.

எங்கே தாங்காது?

இந்தப் பாதுகாப்பு, பயிர் தூர் கட்டி வளரும் பருவத்துக்குத்தான். விதைத்த உடனேயோ, பூக்கும் பருவத்திலோ மூழ்கினால் இந்த ரகமும் காப்பாற்றாது. வாரக்கணக்கில் அரை அடி, ஒரு அடி தண்ணீர் தேங்கிக் கிடக்கும் வயலுக்கும் இது மருந்தல்ல. 155 நாள் ரகம் என்பதால் ஆவணியிலேயே நாற்றங்கால் விட்டுவிட வேண்டும். பருவம் தவறி விட்டால் பலன் குறையும். வடிகால் வாய்க்காலைத் தூர்வாரும் வேலையை எந்த ரகமும் நமக்காகச் செய்யாது.

வெள்ளம் வடிந்த பிறகு

* அவசரப்பட்டு உழுதுவிட வேண்டாம். இலை அழுகியிருந்தாலும், தூரைப் பிடுங்கி அடித்தண்டை அழுத்திப் பாருங்கள். கெட்டியாகவும் பச்சையாகவும் இருந்தால் பயிர் பிழைக்கும்.

* தண்ணீர் வடிந்ததும் யூரியா போடாதீர்கள். ஒரு வாரம் பொறுத்து, புதுத் துளிர் வந்த பிறகு மேலுரம் இடலாம். ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் பிண்ணாக்கு ஆகியவற்றைக் கலந்து ஓர் இரவு வைத்திருந்து, மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடவும்.

* சி.ஆர்.1009-ம் சப்-1 ரகமும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். சான்று அட்டை உள்ள விதையை மட்டும் வாங்குங்கள். கலப்பில்லாமல் அறுத்தால், அடுத்த ஆண்டுக்கு உங்கள் விதையையே பயன்படுத்தலாம்.

பேர் தெரியாத ஒடிசா விவசாயிகள் மகசூல் குறைந்த ஒரு நெல்லைக் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் விஞ்ஞானிகளால் இதைச் செய்ய முடிந்தது. நம்மிடமும் மடுமுழுங்கி, காட்டுயானம் போன்ற நெல் வகைகள் உண்டு. உங்கள் வீட்டில் இருந்தால், இரண்டு சென்ட் நிலத்திலாவது போட்டு விதையைக் காப்பாற்றி வையுங்கள்.