சிற்றுருவங்களுக்கு வண்ணந் தீட்டலும் குறிப்பெழுதலும்

நம் கல்லூரி வாணி விழாவின் கொலுவில் ஆண்டுதோறும் இடம்பெறும் களிமண் உருவங்களுள் ஒன்றின் சேலை இருவகைப் பச்சை நிறம் உடையது. அது கைவினைஞர் விரும்பிச் செய்த அலங்காரம் என்றே மாணாக்கர் பலர் கருதுவர். உண்மை அதுவன்று. முதலில் அதற்கு நிறந் தீட்டிய பெரியவர் தம் கலவையை எழுதி வைத்தாரல்லர். அவர் மறைந்தபின் சேலையின் ஒரு பகுதி உதிர்ந்தது. அதனைச் செப்பனிடும் பணி என்பாற் பட்டது. மூன்று மாலைப்பொழுதுகள் முயன்றும் அப் பச்சையை என்னால் ஆக்க இயலவில்லை. அத் தோல்வியே இக் கட்டுரைக்குக் காரணமாயிற்று.

சின்னாட்களின் பின் பிறநாட்டில் வாழும் பழைய மாணவர் ஒருவர், வரக்காப்பொலையிலுள்ள எனதில்லத்திற்கு வந்தபோது, விரலளவான போர்வீரர் உருவங்கள் சிலவற்றைக் கொணர்ந்தார். மேசைப்போர் விளையாட்டிற்கு உரியவை அவை. மேசைமீது குன்றும் காடும் அமைத்து, உருவங்களை அளவுகோலால் அளந்து நகர்த்தி, தாயக்கட்டை உருட்டி வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதே அவ்விளையாட்டு. நால்வகைப் படையைப் பலகைமேல் நிறுத்திய சதுரங்கம் பிறந்த நாட்டினர்க்கு இது முற்றிலும் புதிதன்று. 1893 இல் இங்கிலாந்தின் வில்லியம் பிரிற்றன் நிறுவனத்தார் உட்கூடான ஈய வீரர்களை வார்க்கத் தொடங்கியபின் அவை மலிந்தன. 1913 இல் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ் அவற்றைக்கொண்டு ஆடும் விதிகளை நூலாக்கினார். இவ்விளையாட்டை ஆடிப் பார்ப்போர் மெய்ப்போரின் மடமையை உணர்வர் என்பது அவர்தம் கருத்து. மறுவாண்டே பெரும்போர் மூண்டது.

இன்று பெரிதும் வழங்கும் உருவங்கள் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர் உயரமுடையன. இத்துணைச் சிறிய உடலின் மடிப்புகளில் இயற்கை ஒளி போதிய நிழலைத் தாராது. ஆதலின் நிழலையும் ஒளியையும் தீட்டுவோனே மிகுத்துக் காட்டல் வேண்டும். முதலில் நிறம் பற்றிக்கொள்ளும் பொருட்டு அடிப்பூச்சு இடப்படும். அதன்மேல் ஆதார நிறம் மெல்லிய படலமாகப் பூசப்படும். பின்னர் நீர்த்த கருநிறக் கலவை மடிப்புகளில் வழிந்து தங்குமாறு விடப்படும். இறுதியில், ஏறத்தாழ உலர்ந்த தூரிகையால் மேடான இடங்களை மட்டும் தொட்டு வெளிர்நிறம் ஏற்றுவர்.

ஒரு படையில் ஐம்பது வீரர் இருத்தல் கூடும். அனைவரையும் ஒரே நாளிற் தீட்டி முடித்தல் அரிது. பத்துப்பேரை இன்று தீட்டி, ஏனையோரை மூன்று திங்கள் கழித்துத் தீட்டும்போது அவர்தம் மேலாடை ஒன்றுபோல் அமையாவிடின் படை படையாகத் தோன்றாது. நினைவை நம்புவோர் இவ்விடத்தே இடறுவர். ஆகவே தேர்ந்தோர் ஒவ்வொரு நிறத்திற்கும் குறிப்பெழுதுகின்றனர்.

அக் குறிப்பில் அடங்கவேண்டியன யாவை? கலந்த நிறங்களின் பெயர், ஒவ்வொன்றிலும் எத்தனை துளி, நீர் எவ்வளவு, பூசிய ஒழுங்கு ஆகியன முதன்மையானவை. அடிப்பூச்சின் நிறத்தையும் மறத்தலாகாது. ஒரே மஞ்சள், வெண்மைமேற் பளிச்சிடும்; கருமைமேல் மங்கும். அக்கிறிலிக்கு வண்ணங்கள் உலரும்போது சற்றுக் கருமையடைவதால், ஈரத்திற் கண்ட நிறத்தைக் கொண்டு முடிவு செய்தலும் பிழையாகும். பெயரை மட்டும் எழுதுதல் போதாது. இங்கிலாந்தின் கேம்ஸ் வேர்க்ஷொப் நிறுவனத்தார் தம் வண்ண வரிசையை 2012 இல் மாற்றியமைத்துப் புதுப்பெயர்கள் இட்டனர். பழம் பெயர்களை மட்டும் எழுதி வைத்தோர் ஒப்புநோக்கும் அட்டவணையைத் தேடவேண்டியவராயினர். எனவே குறிப்பின் அருகே அந்நிறத்தையே சிறு சதுரமாகப் பூசி உலரவிடுதல் நலம். பெயர் மாறினும் கண்ணுக்குச் சான்று நிற்கும்.

இப் பணியின் பெருமையை உணர நாம் தொலைவிற் செல்லவேண்டுவதில்லை. கொழும்பிற் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசுவாமி, இலங்கைக் கனிமவள ஆய்வுப் பகுதியின் தலைவராயிருந்து, 1904 இல் நம் சபரகமுவ மாகாணத்துத் தோரியனைற்று என்னும் கனிமத்தை உலகறியச் செய்தவர். அவரே ஊர்தோறும் சென்று கண்டிநாட்டுச் சித்திரகாரரின் தொழின்முறைகளைக் கேட்டறிந்து, 1908 இல் வெளிவந்த மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலிற் பதிந்தார். சிவப்பிற்குச் சாதிலிங்கம், மஞ்சளுக்குக் கொகட்டு மரத்தின் பிசின், வெண்மைக்கு மக்குலு எனப்படும் வெண்களி, கருமைக்கு விளக்குக்கரி, இவற்றைப் பிணிக்க விளாம்பிசின் என அவர் எழுதிய செய்திகள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. அந்நூல் 425 பிரதிகளே அச்சாயிற்று. ஆயினும் தந்தை மகனுக்கு வாய்மொழியாற் கற்பித்து வந்த அறிவு அதனால் ஏட்டில் ஏறியது. வீரனுக்கு நிறந் தீட்டும் சிறுவனும், விகாரைச் சுவரின் நிறத்தை ஆராய்ந்த பேரறிஞரும், அளவாற் பெரிதும் வேறுபட்டோராயினும், செய்தது ஒரே தொழில் என்க.

மாணாக்கரே, இவ்வாண்டு நம் கொலு உருவங்களுக்கென ஒரு குறிப்பேடு தொடங்கியுள்ளேன். நீங்கள் தீட்டும் ஒவ்வொரு நிறத்தின் அளவும் நாளும் அதில் இடம்பெறல் வேண்டும். மழைநாளிற் தீட்டினால் அதனையும் எழுதுக. நம் பகுதியின் ஈரக்காற்றில் நிறம் உலரப் பொழுது செல்லும்.

அவ்வேட்டின் முதற் பக்கத்தில் இரு சதுரங்கள் வரைந்துள்ளேன். ஒன்றில் நான் ஆக்கிய பச்சை இருக்கின்றது, அளவும் எழுதப்பட்டுள்ளது. மற்றையது அப் பெரியவரின் பச்சைக்கு உரியது. அஃது இன்னும் வெறுமையாகவே உள்ளது. அவரருகே நின்று கிண்ணத்திற் கலக்கிக் கொடுத்த பழைய மாணவர் எவரேனும் இதனைப் படிக்க நேரின், நீலம் எத்துணை, மஞ்சள் எத்துணை என்பது நினைவிருப்பின், எமக்கு எழுதியுதவுமாறு வேண்டுகின்றேன். அப் பக்கத்தை நிறைவு செய்யாமல் விட்டிருக்கின்றேன்.