பளிங்குக் கணிப்பும் புள்ளி வலையும்

அணுக்கள் ஒரே ஒழுங்கில் மீண்டும் மீண்டும் அடுக்கப்பெற்ற பொருளே பளிங்காகும். அதனுள் உறையும் இலத்திரன்கள் எண்ணிறந்தன. எனினும் அவ்வொழுங்கே கணிப்போர்க்குத் துணையாகின்றது. பீலிக்ஸ் புளொக் 1928ஆம் ஆண்டிற் காட்டியவாறு, இலத்திரன் நிலை ஒவ்வொன்றையும் ஓர் அலைக்காவியாற் குறிக்கலாம். வேறுபட்ட அலைக்காவிகள் யாவும் அடங்கும் வெளி பிரில்லூயின் வலயம் எனப்படும்.

பளிங்கின் மொத்தச் சத்தியைக் காண்பதற்கு அவ்வலயம் முழுவதிலும் தொகையிடல் வேண்டும். கணினியோ சில புள்ளிகளை மட்டுமே எடுத்துக்கொள்ள வல்லது. வயலில் ஆங்காங்கே சில சதுரங்களிற் கதிரறுத்து முழு விளைச்சலை மதிப்பிடுவதை இச்செயல் ஒக்கும். இதற்கெனச் சம இடைவெளியுள்ள புள்ளி வலையொன்றை மங்கோஸ்ட், பாக் என்னும் இருவர் 1976ஆம் ஆண்டில் வகுத்தனர். அம்முறை இன்றும் பெருவழக்காயுள்ளது.

வலை எத்துணை நெருக்கமாயிருத்தல் வேண்டும்? அது பொருளின் இயல்பைப் பொறுத்தது. சிலிக்கன் போன்ற குறைகடத்திகளில் நிரம்பிய நிலைகளுக்கும் வெற்று நிலைகளுக்கும் இடையே சத்தி இடைவெளி உண்டு; ஆதலின் நடுத்தர வலையே போதும். வலயத்தின் மையத்தை உள்ளடக்கிய 4×4×4 வலையின் 64 புள்ளிகள், சிலிக்கனின் சமச்சீரினால் 8 ஆகக் குறைகின்றன. அலுமினியம் போன்ற உலோகங்களிலோ நிரம்பிய நிலைகள் பேர்மி மேற்பரப்பிற் சடுதியாக முடிவுறுகின்றன. அவ்வெல்லையைப் பிடித்தற்கு மிக நெருங்கிய வலை தேவை. மேலும், அலகறை ஒரு திசையில் இருமடங்கானால் வலயம் அத்திசையிற் பாதியாகச் சுருங்கும். அங்கே பாதிப் புள்ளிகளே போதுமானவை.

நெருக்கம் மட்டுமன்றிப் புள்ளிகளின் இடமும் கருதற்பாலது. கிராபீனில் நிரம்பிய பட்டையும் வெற்றுப் பட்டையும் அறுகோண வலயத்தின் மூலைகளிலேயே தொடுகின்றன. மையத்தை உள்ளடக்கிய 6×6 வலை அம்மூலைகளைத் தொடும். அதனினும் நெருங்கிய 8×8 வலை தொடாது. பின்னைய வலையின் புள்ளிகளை மட்டும் நோக்குவோன், இல்லாத சத்தி இடைவெளியொன்றை உண்டெனக் கொள்வான்.

ஆகவே, பிறர் கையாண்ட எண்ணை அவ்வாறே ஏற்றல் தகாது. மூன்று திசையிலும் வலையை இருமடங்காக்கினால் புள்ளிகள் எண்மடங்காகும். வீண் நெருக்கம் காலத்தை விழுங்கும். வலையைப் படிப்படியாக நெருக்கி, வேண்டிய கணியம் ஏற்கத்தக்க வழுவெல்லைக்குள் மாறாது நிற்கும் நிலையைக் காண்டல் வேண்டும். மொத்தச் சத்தி நிலைபெற்ற வலையில் ஏனைய இயல்புகளும் நிலைபெறும் என்பதற்கு உறுதியில்லை. ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தல் வேண்டும். கணினி எவ்வலைக்கும் ஒரு விடை தரும். அவ்விடை பளிங்குக்குரியதா வலைக்குரியதா என்பதை அச்சோதனையே காட்டும்.