“ஏன் படிக்க வருகிறீர்கள்?”
நேர்முகப் பரீட்சைக்கு முன் நம்மை நாமே கேட்க வேண்டிய கேள்வி

தெல்தோட்டை, கலஹா பக்கமிருந்து கண்டிக்கு வரும் பஸ்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் ஊடாகத்தான் வருகின்றன. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் வரும் தோட்டத்துத் தாய்மார் அந்தக் கட்டடங்களை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே போகிறார்கள். அவர்களின் மகள்மார் சிலர் இன்று அங்கேயே பட்டம் பெற்று வெளிவருகிறார்கள். பெருமைப்பட வேண்டிய விடயம்தான். ஆனால் பட்டத்துக்கு அடுத்த படியில் அவர்களுள் பலர் தயங்கி நிற்பதையும் நான் பார்க்கிறேன்.

அண்மையில் என்னைத் தேடி ஒரு தங்கை வந்தாள். சமூகவியலில் சிறப்புப் பட்டம் பெற்றவள். கையில் ஒரு கடிதம்.

“அக்கா, முதுமாணிக்கு விண்ணப்பித்தேன். நேர்முகப் பரீட்சைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. போகாமல் விட்டுவிடவா?”

“நான்கு வருடம் படித்துப் பட்டம் எடுத்த பிள்ளைக்கு என்ன பயம்?”

“இதுவரை யாரும் என்னை முன்னால் உட்காரவைத்து, நீ ஏன் படிக்கிறாய் என்று கேட்டதே இல்லையே அக்கா.”

யோசித்துப் பார்த்தால் அவள் சொன்னது உண்மைதான். நம் நாட்டில் 2001ஆம் ஆண்டு முதல் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளிதான் பல்கலைக்கழகக் கதவைத் திறக்கிறது. புள்ளி போதுமானால் கடிதம் வரும், போய்ச் சேருவோம். பெரும்பாலான பாடநெறிகளுக்கு நம் முகத்தைப் பார்த்து எவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. பட்டப்பின் படிப்புக்குப் போகும்போதுதான் பலருக்கு அந்த முதல் “ஏன்?” வந்து நிற்கிறது.

நான் தடுமாறிய கதை

எனக்கும் அது நடந்தது. பல வருடங்களுக்கு முன் ஒரு நேர்முகப் பரீட்சையில் மூன்று பேர் அமர்ந்திருந்தார்கள். “ஏன் இந்தப் படிப்பு?” என்று கேட்டார்கள். “நல்ல உத்தியோகம் கிடைக்கும்” என்றேன். “இந்தத் துறையில் கடைசியாக என்ன வாசித்தீர்கள்?” என்றார்கள். விழித்தேன். சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு போன நான் எண்ணங்களை அடுக்கிக்கொண்டு போகவில்லை. அந்த முறை எனக்கு இடம் கிடைக்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

பெண்களாகிய நமக்கு இதற்கு முன்னரே வீட்டிலும் ஒரு நேர்முகப் பரீட்சை உண்டு. “இன்னும் என்ன படிப்பு? கலியாணம் எப்போது? காசு யார் தருவது?” அங்கே பதில் சொல்லிச் சொல்லிக் களைத்துப் போகிறோம். ஆனால் வீட்டுக்குச் சொல்ல வேண்டிய பதிலும் அந்த மேசைக்குச் சொல்ல வேண்டிய பதிலும் ஓரிடத்திலிருந்துதான் வருகின்றன. எனக்கு எதை அறிய வேண்டும் என்பது எனக்கே தெளிவாகிவிட்டால் இரண்டு இடத்திலும் குரல் நடுங்காது.

மறைத்த கதையே விடயம்

அந்தத் தங்கையிடம் கேட்டேன், “எதை ஆராயப் போகிறாய்?” உலகமயமாக்கல், அபிவிருத்தி என்று புத்தகச் சொற்களாகச் சொன்னாள். தோட்டத்துப் பிள்ளை என்பதை விண்ணப்பத்தில் எங்கும் காட்டவில்லை. “காட்டினால் குறைவாக நினைப்பார்கள்” என்றாள்.

பிறகு தேநீர் குடித்துக்கொண்டே சிறுவயதைப் பற்றிக் கதைத்தோம். தம்பியைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு மலைக்குப் போகும் அம்மா, பால் கொடுக்க இடையில் ஓடி வருவார். அந்த நேரத்தில் கொழுந்து நிறை குறையும். நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப்பேர். அரை மணி நேரம் நிறுத்தாமல் சொன்னாள்.

“இதைத்தான் ஆராய வேண்டும் என்று சொல்லேன்” என்றேன். “இதையா?” என்று திகைத்தாள்.

ஆம் சகோதரிகளே, இதைத்தான். இந்தியச் சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீனிவாஸ் 1948இல் ஆராயச் சென்றது தூர தேசமல்ல. தமது மைசூர்ப் பகுதியிலேயே உள்ள ஒரு கிராமம். தெரிந்த இடத்தை ஆராய்வது குறைவல்ல. ஆனால் அனுபவம் மட்டும் ஆய்வாகிவிடாது. “உங்கள் சொந்த இடமாயிற்றே, நடுநிலையாகப் பார்ப்பீர்களா?” என்று நிச்சயம் கேட்கலாம். கங்காணியையும் துரையையும் பிள்ளைக் காம்பரா ஆயாவையும் கூடச் சந்தித்துக் கேட்பேன், வேறு தோட்டம் ஒன்றோடும் ஒப்பிடுவேன் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

செய்ய வேண்டியவை

எந்தப் படிப்பு என்பதை முதலில் தெளிவாக்குங்கள். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி வழி முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வுடன் கூடிய முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி 11, கலாநிதிப் பட்டம் 12. பேராதனையில் விவசாயம், விஞ்ஞானம், மானிடவியல் மற்றும் சமூக விஞ்ஞானம் ஆகியவற்றுக்குத் தனித்தனிப் பட்டப்பின் படிப்பு நிறுவனங்கள் உண்டு. நீங்கள் விண்ணப்பித்த பாடநெறியில் என்ன பாடங்கள், யார் கற்பிக்கிறார்கள் என்று தெரியாமல் போகாதீர்கள்.

பட்டத்துக்காக எழுதிய ஆய்வுக் கட்டுரையை மீண்டும் வாசியுங்கள். கேள்வி பெரும்பாலும் அதிலிருந்துதான் பிறக்கும். அதில் விட்ட குறையை நீங்களே சொல்வது பலவீனமல்ல. துறையில் புதிதாக இரண்டு கட்டுரைகளாவது வாசித்துச் செல்லுங்கள்.

பத்திரங்களை ஒரு மாதம் முன்பே பாருங்கள். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு எழுத்து, பட்டச் சான்றிதழில் இன்னொன்று. இது தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பழகிய தலைவலி. சத்தியக் கடதாசி போதுமா, திருத்தம் வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டு முடியுங்கள்.

ஆங்கிலத்துக்குப் பயந்து ஒதுங்க வேண்டாம். சிறு வசனங்களாகப் பேசுங்கள். கேள்வி விளங்காவிட்டால் இன்னொரு முறை கேட்கச் சொல்லுங்கள், அது மரியாதைக் குறைவல்ல. தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பாடமாக்கிய பதில் இடையில் அறுந்தால் திரும்ப ஒட்டாது. ஆகவே தோழி ஒருத்தியை எதிரே இருத்தி, சத்தமாகப் பேசிப் பழகுங்கள்.

காசைப் பற்றியும் யோசியுங்கள். முதல் பட்டம் இலவசம், பட்டப்பின் படிப்புக்குக் கட்டணம் உண்டு. வேலை, வகுப்பு, வீடு மூன்றையும் எப்படிச் சமாளிப்பீர்கள் என்று கேட்டால் கணக்கோடு பதில் சொல்லுங்கள். குடும்பத்தைப் பற்றிக் கேட்டாலும் கோபப்படாமல், நேரத்தை எப்படிப் பிரித்துக்கொள்வீர்கள் என்பதை மட்டும் சொல்லிவிட்டுப் படிப்புக்குத் திரும்புங்கள்.

வெளிநாட்டுப் புலமைப்பரிசில் நேர்முகம் இணையவழியில் நடந்தால் சிக்னல் உள்ள இடத்தை முன்னதாகவே பார்த்து வையுங்கள். லயத்தில் சிக்னல் இல்லையென்றால் கண்டியில் உறவினர் வீடொன்றைக் கேட்டுக்கொள்ளலாம்.

அந்தத் தங்கை போனாள். அம்மா அன்றைய பேரை விட்டுவிட்டுக் கலஹா பஸ்ஸில் கூடவே வந்தாராம். முதல் கேள்வியே “ஏன்?” என்பதுதான். “என் அம்மாவின் அரைப்பேரிலிருந்து தொடங்குகிறேன்” என்றாளாம். பிறகு இருபது நிமிடம் கேள்விக்கு மேல் கேள்வி. சிலவற்றுக்குப் பதில் தெரியவில்லை, தெரியாது என்று சொன்னாளாம்.

முடிவு இதை எழுதும்வரை வரவில்லை. கிடைக்காவிட்டால் அடுத்த வருடமும் விண்ணப்பிப்பேன் என்கிறாள். போகாமல் விட்டுவிடவா என்று கேட்டு வந்த அதே பிள்ளைதான்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலோ அயலிலோ பட்டம் பெற்ற பெண் பிள்ளை இருந்தால், கலியாணம் எப்போது என்று கேட்பதற்கு முன் ஒரு முறை இப்படிக் கேட்டுப் பாருங்கள்: “உனக்கு எதை அறிய வேண்டும், பிள்ளை?” அவள் பதில் சொல்லத் தொடங்கினால் பொறுமையாகக் கேளுங்கள். அவளுக்கு அதுவே முதல் பயிற்சி.