மூங்கில் பூத்தது! கலகம் மூண்டது!

இந்தியாவின் கிழக்குக் கோடியில் மிசோ மலை நாடு இருக்கிறது. அதற்குக் கிழக்கே பர்மா. மேற்கே, அந்தக் காலத்தில், கிழக்குப் பாகிஸ்தான். மலை நாடு அப்போது தனி மாநிலம் அல்ல. அசாமைச் சேர்ந்த ஒரு ஜில்லா.

அந்த ஜில்லாவில் 1966-ம் ஆண்டு பெரும் கலகம் மூண்டது. அதன் வேரைத் தோண்டினால், மூங்கிலும் எலியும் வருகின்றன!

48 ஆண்டுக்கு ஒரு முறை

மிசோ மலைகளில் 'மவ்தாக்' என்று ஒரு வகை மூங்கில் உண்டு. சுமார் 48 ஆண்டுகளுக்கு ஒரு தடவைதான் அது பூக்கும். மலை முழுவதும் சேர்ந்தாற்போல் பூக்கும். காய்த்தபின் பட்டுப்போகும்.

நம் பக்கத்து மூங்கிலில் விளைவது நெல் போன்ற மூங்கில் அரிசி. மவ்தாக் மூங்கிலிலோ பேரிக்காய் போன்ற பெரிய காய்! அதைத் தின்ன எலிகள் கூடும். தின்று கொழுத்து, குட்டிமேல் குட்டி போடும்.

காய் தீர்ந்ததும் எலிப் பட்டாளம் நெல் வயலில் பாயும். ஒரு குடும்பம் ஓர் ஆண்டு பாடுபட்ட விளைச்சல் ஓர் இரவில் போய்விடும். பிறகு வீட்டில் சேர்த்து வைத்த தானியமும் போகும்.

இந்தப் பஞ்சத்துக்கு 'மவ்தாம்' என்று பெயர். 1911-ம் ஆண்டில் அது வந்தது. அடுத்தது 1959-ல் வரும் என்று மலைப் பெரியவர்கள் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

15 லட்சம் கேட்டார்கள்

1958 அக்டோபர் 29-ந் தேதி மிசோ ஜில்லா கவுன்சில் ஒரு தீர்மானம் போட்டது. பஞ்சம் வரப்போகிறது, முன்னேற்பாட்டுக்கு 15 லட்சம் ரூபாய் வேண்டும் என்று அசாம் அரசாங்கத்தைக் கேட்டது.

மூங்கில் பூத்தால் பஞ்சமாவது! மலை ஜாதியாரின் மூட நம்பிக்கை என்று அந்தக் கோரிக்கையைத் தள்ளிவிட்டார்கள்.

மறு ஆண்டே மூங்கில் பூத்தது. எலி வந்தது. பஞ்சமும் வந்தது. மக்கள் காட்டுக் கிழங்கைத் தோண்டித் தின்றார்கள். எலி வாலைக் கொண்டுவந்தால் இனாம் என்று அறிவிக்கப்பட்டது. விமானத்திலிருந்து அரிசி மூட்டை போட்டார்கள். ஆனால் உதவி காலம் கடந்து வந்தது, வந்ததும் போதவில்லை.

குமாஸ்தா தலைவரானார்

ஜில்லா கவுன்சிலில் லால்டெங்கா என்று ஒரு குமாஸ்தா இருந்தார். முன்பு பட்டாளத்தில் இருந்தவர். அவரும் நண்பர்களும் பஞ்ச நிவாரண முன்னணி ஒன்றை அமைத்தார்கள். இளைஞர்கள் அரிசியை முதுகில் சுமந்துகொண்டு, சாலை இல்லாத கிராமங்களுக்கு நடந்தார்கள்.

பசித்தவன் வீட்டுக்கு அரிசி கொண்டுபோனவனை அந்த வீடு மறக்குமா? 1961 அக்டோபர் 22-ந் தேதி சங்கத்தின் பெயரிலிருந்து 'பஞ்சம்' நீங்கியது. அது 'மிசோ தேசிய முன்னணி' ஆயிற்று. தனி நாடே அதன் குறிக்கோள்.

பசி மட்டும்தானா?

இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில், அனுமதிச் சீட்டு இல்லாமல் சமவெளிக்காரர்கள் மலைக்குப் போக முடியாது. அதனால் இரு தரப்புக்கும் பழக்கமே இல்லாமல் போயிற்று. 1960-ல் அசாமிய மொழியை ஆட்சி மொழியாக்கிச் சட்டம் வந்தது. அது மலை மக்களுக்குப் பிடிக்கவில்லை.

ஆனால் காசி, காரோ மலை மக்களும் அதே சட்டத்தை எதிர்த்தவர்கள்தான். அவர்கள் துப்பாக்கி எடுக்கவில்லை. பேசியே 1972-ல் மேகாலயா மாநிலத்தைப் பெற்றார்கள். மிசோக்களுக்கு மட்டும் பஞ்சத்தின் கசப்பு இருந்தது. எல்லைக்கு அப்பால், கிழக்குப் பாகிஸ்தானில் ஆயுதமும் கிடைத்தது.

குண்டு விழுந்தது

1966 பிப்ரவரி 28-ந் தேதி இரவு தாக்குதல் தொடங்கியது. மறுநாள் தனி நாடு என்று முன்னணி அறிவித்தது. இந்திரா காந்தி பிரதமராகி சுமார் 40 நாள்தான் ஆகியிருந்தது. மார்ச் 5-ந் தேதி அய்ஸ்வால் நகர்மீது இந்திய விமானங்கள் குண்டு வீசின. நகரம் எரிந்தது. சொந்த மண்ணிலேயே நமது விமானப்படை குண்டு வீசியது. முன்பு விமானம் அரிசி போட்ட மலை அது!

1967 முதல் கிராமங்களைக் காலி செய்து, மக்களைச் சாலையோர முகாம்களில் அடைத்தார்கள். கலகக்காரர்களுக்குச் சோறு கிடைக்கக்கூடாது என்பது திட்டம். விட்டு வந்த வீடுகள் கொளுத்தப்பட்டன. கலகத்தில் சேராத குடும்பங்களும் தப்பவில்லை. அரசாங்கத்துக்கு இதனால் நல்ல பெயரா கிடைக்கும்?

சண்டை 20 ஆண்டு நீடித்தது. 1986 ஜூன் 30-ந் தேதி சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. லால்டெங்கா முதல்-மந்திரி ஆனார். 1987 பிப்ரவரி 20-ந் தேதி மிசோரம் தனி மாநிலம் ஆயிற்று.

2007-ல் மூங்கில் மறுபடியும் பூத்தது. அப்போது முதல்-மந்திரி சோரம்தங்கா. லால்டெங்காவுடன் காட்டில் இருந்தவர். இந்தத் தடவை பூப்பதற்கு முன்பே திட்டம் போட்டு வேலை தொடங்கினார்கள். எலி இப்போதும் வயலை விடவில்லை. விளைச்சல் பெரும்பகுதி நாசமாயிற்று. ஆனால் வெளியிலிருந்து அரிசி வந்து சேர்ந்தது.