நகப்பூச்சும் தீவின் ஈரக் காற்றும்



சிப்பிகாட் என்னும் பெயர் தமிழ்ச் செவிக்குச் சிப்பித்துறை என்றே ஒலிக்கும். தெற்கு அந்தமானில், 2024ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் அறிவிக்கப்பெற்ற போர்ட் பிளேருக்கு அண்மையில் உள்ள ஊர் அது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையின்போது நிலம் தாழ்ந்தமையால், அங்கிருந்த வயல்களுள் பல உப்புநீரில் அமிழ்ந்தன. ஆண்டிற்கு ஏறத்தாழ 300 சென்டிமீட்டர் மழை பெய்யும் அப்பகுதியில், மருந்துக்கடையில் விற்கும் மலிவான நகப்பூச்சு எவ்வாறு நிலைபெறும்? சென்ற ஆடி மாதம் அதனைச் சோதிக்க முற்பட்டபோது, "மருதோன்றி அரைத்துத் தருகிறேன், போதாதா?" என்றார் என் மாமியார்.

அவர் வினாவிலே வேதியியல் அடங்கியிருக்கிறது. மருதோன்றியிலுள்ள லாசோன் என்னும் சாயம் நகத்தின் கெரட்டின் புரதத்தோடு இணைந்துவிடுகிறது. ஆதலின் அதனைக் கழுவிப் போக்க இயலாது. கைந்நகம் மாதத்திற்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர வளர, நிறமும் நுனிநோக்கி நகர்ந்து செல்லும். நகப்பூச்சோ நகத்தின்மேல் விரிக்கப்படும் மெல்லிய ஏடு மட்டுமே. நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருளை எத்தில் அசிடேட், பியூட்டைல் அசிடேட் முதலிய விரைந்து ஆவியாகும் நீர்மங்களிற் கரைத்து, நிறமியும் பிசினும் சேர்த்துச் செய்வர். மோட்டார் வண்டிகளுக்குப் பூசிய அரக்குச் சாயமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அமெரிக்காவில் 1932இல் தொடங்கப்பெற்ற ரெவ்லான் நிறுவனத்தின் முதற்சரக்கு நகப்பூச்சே. நம் நாட்டில் டாடா எண்ணெய் ஆலை நிறுவனம் 1952இல் லாக்மே நிறுவனத்தைத் தோற்றுவித்தது. இலக்குமியின் பெயர் பிரெஞ்சு நாவில் லாக்மே ஆயிற்று. 1883இல் அரங்கேறிய இசைநாடகம் ஒன்றின் பெயரும் அதுவே.

இனிச் சோதனைக்கு வருவோம். கட்டைவிரலில் ஒரே பூச்சாகத் தடித்துப் பூசினேன். சுட்டுவிரலில் மெல்லிய பூச்சு ஒன்றை இட்டு, அது நன்கு உலர்ந்தபின் மற்றொன்று இட்டேன். வெளியே விடாத மழை. சிறிது நேரத்திற்குள் கட்டைவிரலின் செந்நிறத்தின்மேல் பால் தெளித்தாற்போல் வெண்படலம் படர்ந்தது. பூச்சு போலி என்றே முதலில் ஐயுற்றேன், குற்றம் காற்றினுடையது. கரைப்பான் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் பூச்சின் மேற்பரப்பு குளிர்கிறது. ஈரக் காற்றிலுள்ள நீராவி அக்குளிர்ந்த பரப்பிற் படிந்து ஏட்டினை மங்கச் செய்கிறது. மச்சு வேலை செய்யும் தச்சர்கள் மழைநாளில் அரக்குப் பூசத் தயங்குவதும் இக்காரணம் பற்றியே. மழை ஓய்ந்த மறுநாள் நண்பகலில், விரல்களை ஈரமின்றித் துடைத்து மெல்லியதாகப் பூசியபோது வெண்மை தோன்றவில்லை. அந்தப் பூச்சு, பாத்திரம் துலக்கும் கையிலும் ஐந்து நாள் நின்றது. ஆறாம் நாள் நுனியிற் பெயரத் தொடங்கியது. அவ்விலைக்கு அது போதும் என்பேன்.

ஆனால் மலிவிலும் இருவகை உண்டு. அதே கடையில் வேறொரு சீசாவில் செய்தவர் முகவரியோ, தொகுதி எண்ணோ, எந்நாள்வரை பயன்படும் என்னும் குறிப்போ இல்லை. திருப்பிக் கொடுத்துவிட்டேன். 1940ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழிவந்த விதிகள் இவற்றையெல்லாம் அச்சிடக் கோருகின்றன. ஈயமோ ஆர்சனிக்கோ கலந்த நிறமிகளையும் தடுக்கின்றன. பெயரில்லாச் சீசாவிற்கு யார் பொறுப்பேற்பார்? நாம் உணவைக் கையாலே பிசைந்து உண்பவர்கள், குழந்தைக்கும் அக்கையாலேயே ஊட்டுபவர்கள். டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் இல்லை என்று அச்சிட்ட சீசா அதே விலையிற் கிடைக்குமாயின் அதனையே கொள்க.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். பூச்சும், அதனை அழிக்கும் அசிட்டோனும் எளிதில் தீப்பற்றுவன. அவற்றின் ஆவி காற்றினும் கனமானது. மேசைமேல் தாழ்வாகப் பரவி, எட்டி நிற்கும் சுடரையும் சென்றடையும். மின்சாரம் நின்ற மாலையில் மெழுகுவர்த்தி அருகே அமர்ந்து பூசுவதும், அடுப்பங்கரையில் அழிப்பதும் கூடவே கூடாது. காற்றோட்டமுள்ள திண்ணையே தக்க இடம்.

மருத்துவமனைக்குச் செல்பவர் முன்னரே பூச்சினை அழித்துவிட்டுச் செல்வது நலம். சோகை உண்டா என்று நகத்தின் வெளிறலைப் பார்க்கும் வழக்கம் இன்றும் உண்டு. விரல்நுனியில் மாட்டி இரத்தத்தின் பிராணவாயு அளவைக் காட்டும் கருவியும், கருமையான பூச்சினூடே ஒளியைச் செலுத்தமாட்டாமல் பிழை காட்டக்கூடும். மருதோன்றி இட்டவர் என் செய்வது என்று என் மாமியாரைக் கேட்டேன். "கண்ணிமையை இழுத்துப் பார்க்கட்டுமே" என்றார். அது சரியான விடைதான். மருத்துவர்கள் அங்கும் பார்ப்பதுண்டு.

அசிட்டோன் நகத்தின் எண்ணெய்ப் பசையையும் நீக்கி உலரச் செய்யும். அழித்தவுடன் சோப்பிட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவுக. சீசாவின் வாயைத் துடைத்து இறுக மூடிவைத்தால், அடுத்த மழைக்காலம் வரை பூச்சு கெட்டியாகாது.